ஜன்னலும் வால்வும்

1980களில் கிழக்கு பெர்லினின் மார்ட்சான் அடுக்குமாடிகளில், வீட்டுக்குள் சூடு கூடிப்போனால் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். வெளியே பனி கொட்டும். உள்ளே அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கலாம். 1977இல் தொடங்கி எழுப்பப்பட்ட அந்தக் கான்கிரீட் பலகை வீடுகளுக்கு வெந்நீர் தூரத்திலிருந்து குழாய் வழியே வந்து சேரும். ரேடியேட்டர் இருக்கும், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வால்வு பல வீடுகளில் இருக்காது. கணப்புக்கான காசு வாடகையோடு சேர்ந்துவிடும். ஜன்னலைத் திறந்துவைத்தவருக்கும் மூடிவைத்தவருக்கும் கணக்கு ஒன்றுதான். நிலக்கரியை எரித்துப் பெற்ற சூடு அப்படித்தான் தெருவுக்குப் போனது.

குடியிருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல கட்டடங்களில் ஒற்றைக் குழாய்தான். ஒரு வீட்டு ரேடியேட்டரைக் கடந்த நீரே அடுத்த வீட்டுக்கும் போகும். இடையில் ஒருவர் அடைத்தால் அதற்குப் பின் உள்ளவர்கள் குளிரில் நடுங்க வேண்டியதுதான்.

இத்தனைக்கும் டென்மார்க்கில் டான்ஃபாஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மாட்ஸ் கிளவுசன், 1943இலேயே தானாகத் திறந்து மூடும் ரேடியேட்டர் வால்வை உருவாக்கியிருந்தார். அதன் தலைப்பகுதிக்குள் திரவமோ வாயுவோ மெழுகோ அடைபட்டிருக்கும். அறை சூடேறினால் அது விரிந்து ஓர் ஊசியை அழுத்தும். நீர் போகும் வழி குறுகும். அறை குளிர்ந்தால் ஸ்பிரிங் அந்த ஊசியைத் திருப்பித் தள்ளும். மின்சாரமே வேண்டாம். 3 என்ற எண்ணில் திருகிவைத்தால் அறை ஏறக்குறைய 20 டிகிரியில் நிற்கும்.

1990 அக்டோபர் 3இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தன. கணப்புச் செலவில் 50 முதல் 70 சதவீதத்தை அவரவர் பயன்பாட்டின்படி வசூலிக்கச் சொல்லும் மேற்கு ஜெர்மனியின் 1981ஆம் ஆண்டு விதி கிழக்குக்கும் வந்தது. பயன்பாட்டை அளக்கும் கருவிகளையும் வால்வுகளையும் பொருத்த வீட்டு உரிமையாளர்களுக்கு 1995 முடியும்வரை அவகாசம். நீரை வடித்துவிட்டுப் புது வால்வு பூட்டும் வேலை வீடு வீடாக நடந்தது. ஒற்றைக் குழாய் உள்ள இடங்களில், ஒருவர் மூடினாலும் அடுத்தவருக்கு நீர் போக மாற்றுவழியும் வேண்டியிருந்தது. தன் அறைக்கு எவ்வளவு சூடு என்பதை முதன்முதலாகக் குடியிருப்பவரே முடிவு செய்தார். என் கணக்கில் அது பெரிய உரிமை.

ஆனால் ஜன்னல் பழக்கம் இப்போது எதிராகத் திரும்பியது. ரேடியேட்டர் பெரும்பாலும் ஜன்னலுக்குக் கீழேதான் இருக்கும். ஜன்னலைச் சற்றே சரித்துத் திறந்துவைத்தால் குளிர்காற்று நேராக வால்வின் தலையில் இறங்கும். அறையே குளிர்ந்துவிட்டதாக எண்ணி அது முழுவதுமாகத் திறந்துகொள்ளும். அன்று சூட்டைத் தணித்த அதே ஜன்னல், இன்று சூட்டை இழுத்துவந்து பில்லில் ஏற்றுகிறது. வால்வை மூடிவிட்டு, சில நிமிடங்கள் ஜன்னலை அகலத் திறந்து, பிறகு அடைப்பதே சரி.

இன்னொரு சிக்கல் இன்றும் தீரவில்லை. உறையிடாத பழைய குழாய்கள் வால்வை மூடினாலும் அறையைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். ரேடியேட்டரில் ஒட்டிய கருவி அதைக் கணக்கில் எடுக்காது. குழாய்ச் சூட்டிலேயே குளிர்காலத்தைக் கழிப்பவர் கொஞ்சமாகக் கட்ட, ரேடியேட்டரை நம்பியிருப்பவர் தலையில் பாரம் விழுகிறது. இதைச் சரிக்கட்டிக் கணக்கிட 2009இல் விதியிலேயே இடம் கொடுத்தார்கள். குழாய்க்கு உறை போடுவதுதான் நேர்மையான வழி என்பேன்.

இன்று வால்வின் தலையை மட்டும் மாற்றுவதானால் நீரை வடிக்க வேண்டாம். 5இல் திருகி, பழைய தலையைக் கழற்றி, புதியதைக் கையால் முறுக்கினால் போதும். மரை பெரும்பாலும் 30 மில்லிமீட்டர். சில நிறுவனங்களுக்குத் தனிப் பூட்டு. வாங்குமுன் அளந்துகொள்ள வேண்டும். கணக்குக் கருவிகளும் மாறிவருகின்றன. 2026 முடிவதற்குள் எல்லாமே தொலைவிலிருந்து படிக்கக்கூடியவையாக இருக்க வேண்டுமென்பது சட்டம்.

பழைய வால்வில் ஊசி ஒட்டிக்கொள்வது சகஜம். தலையைக் கழற்றி ஊசியை மெல்ல அழுத்தி விடுவித்தால் இளகும். குறட்டால் பிடித்து இழுத்தால் நீர் கசியும். கோடை முழுக்க வால்வைத் திறந்தே விட்டிருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.