பள்ளி நூலகரும் வாசிப்புப் பழக்கமும்

பள்ளி நூலகர் என்பவர் நூல்களைப் பாதுகாப்பவர் மட்டுமல்லர். மாணவரிடம் வாசிப்புப் பழக்கத்தை வளர்ப்பவரும் ஆவார். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் (1892–1972) நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக 1931-இல் வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டிற்கு உரியவை என்பது அவற்றுள் முதலாவது. தொலையும், கிழியும் என்று அஞ்சி அலமாரியைப் பூட்டிவைப்பது இதற்கு முரணானது.

நூலகர் பின்பற்றக்கூடிய வழிகள்:

- திறந்த அடுக்கு: குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், அட்டைப்படம் தெரியுமாறு நூல்களை வைத்தல்.
- தேர்வுரிமை: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற நூல் வேண்டும் என்கிறது இரண்டாம் விதி. எனவே குழந்தையே நூலைத் தேர்ந்தெடுக்கலாம். பிடிக்காவிட்டால் பாதியிலேயே மாற்றிக்கொள்ளலாம்.
- வாசித்துக்காட்டல்: நூலகப் பாடவேளையில் ஒரு கதையைச் சுவையான இடம்வரை வாசித்து நிறுத்தினால், மீதியை அறிய மாணவர் நூலைத் தேடி வருவர்.
- வீட்டிற்கு வழங்கல்: வழங்கற் பதிவேட்டை மாணவர் பொறுப்பில் விட்டால், நூல்களைத் திருப்பித்தரும் அக்கறையும் வளரும்.
- மதிப்பெண் தவிர்த்தல்: படித்ததற்கெல்லாம் சுருக்கம் எழுதச் சொன்னால் வாசிப்பும் வீட்டுப்பாடமாகிவிடும்.

வீட்டில் நூல்கள் இல்லாத குழந்தைக்குப் பள்ளி நூலகமே முதல் நூலகம். கிழிந்த பக்கத்தை ஒட்டிவிடலாம். படிக்கும் வயதில் நூல் கிடைக்காத குழந்தைக்கு அந்த வயதைத் திருப்பித்தர இயலாது.