ஜமாஅத்தும் பெண்ணின் வாக்கும்

தமிழக இசுலாமியப் பெண்களின் உரிமை பற்றிய விவாதம் முத்தலாக், உடை ஆகிய இரண்டையே பெரிதும் சுற்றிவருகிறது. இவற்றுக்கு முன்னரே எழ வேண்டிய வினா ஒன்றுண்டு. பெண்ணைப் பற்றிய முடிவு எடுக்கப்படும் அவையில் அவள் பேச இடமுண்டா என்பதே அது.

ஊர்ப் பள்ளிவாசலைச் சார்ந்த ஜமாஅத் திருமணப் பதிவேட்டைப் பேணுவதோடு, மணமுறிவு, சீர்ப்பொருள் மீட்பு, பிள்ளைகளின் பொறுப்பு முதலிய பிணக்குகளையும் விசாரிக்கிறது. அதில் உறுப்பினராக அமர்வோர் வழக்கமாக ஆண்களே. பெண்ணின் தரப்பைத் தந்தையோ உடன்பிறந்தானோ எடுத்துரைப்பர். அவள் சொல்ல நினைத்ததற்கும் அவன் சொன்னதற்கும் இடையில் கழிந்துபோனது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இதற்கு மாற்றாகவே இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக்கோட்டையை மையமாகக் கொண்டு தாவூத் ஷரீபா பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கினார். இங்குப் பெண்ணே தன் முறையீட்டைக் கூறுகிறாள், பெண்களே கேட்கின்றனர். தீபா தன்ராஜின் 2011ஆம் ஆண்டு ஆவணப்படம் இவ்வமைப்பின் செயற்பாட்டைப் பதிவு செய்துள்ளது. இவ்வமைப்பைச் சமய மறுப்பாகக் கொள்வது பிழை. மணமகன் மணமகளுக்குத் தர வேண்டிய மஹர் மார்க்கம் வழங்கிய உரிமை. மணமகன் வீட்டார் பெறும் கைக்கூலிக்கு மார்க்கத்தில் இடமில்லை. இவ்வமைப்பின் வாதம் இந்த வேறுபாட்டின்மீதே நிற்கிறது. பெண்கள் கூடித் தீர்ப்புரைக்க அதிகாரம் ஏது என்ற எதிர்ப்பும் எழுந்தது. ஆண்களின் ஜமாஅத்திற்குரிய அதிகாரமும் வழக்காற்றால் வந்ததே. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் எச்சட்டம் பொருந்தும் என்று கூறுகிறதேயன்றி, எந்த ஜமாஅத்தையும் நீதிமன்றமாக்கவில்லை.

பதர் சயீத் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2017 சனவரியில் பிறப்பித்த இடைக்கால ஆணை இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. தலாக் குறித்துக் காஜி வழங்கும் சான்று ஒரு கருத்து மட்டுமே. அது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்பது அதன் சாரம். முத்தலாக் செல்லாது என்னும் உச்சநீதிமன்றத் தீர்ப்பு அவ்வாண்டு ஆகஸ்டில்தான் வந்தது. வெள்ளகோவில் போன்ற கொங்குச் சிற்றூரில் வாழும் ஒருத்திக்கு முந்தைய ஆணை சிறிதன்று. கையில் திணிக்கப்பட்ட சான்றே இறுதி முடிவு என்று அவள் நம்ப வேண்டியதில்லை. எனினும் அவ்வாணை அவள்வரை சென்று சேர்ந்ததா என்பது வேறு.

இலக்கியம் இவ்வினாவை வேறு வகையில் எதிர்கொண்டது. நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் 'காதலா கடமையா' 1938இலேயே வெளிவந்தது. துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தது. பின்னதில் வீட்டினுள் பெண்கள் பேசும் பேச்சே கதையை நடத்துகிறது; ஆண்களின் அவைக்கு எட்டாத பேச்சு அது. பூப்பெய்தியபின் பள்ளிப்படிப்பு நிறுத்தப்பட்டுப் புனைபெயரில் எழுதிவந்த சல்மா, 2001இல் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவரானார். அப்பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் கணவர் போட்டியிட இயலவில்லை. ஆகவே குடும்பமே அவரை வேட்பாளராக நிறுத்தியது. உள்ளாட்சிக்குரிய அந்த ஒதுக்கீடு ஜமாஅத்திற்குப் பொருந்தாது.