கதிரோடு ஒரு வேலை – 7: ஊரைக் காட்டிக்கொடுத்த ஷூ

கல்பாக்கத்து ஆய்வகத்துக்குள் இந்த வாரம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். வாங்கிய கதிர்வீச்சைப் பதிவுசெய்ய ஊழியர் மார்பில் குத்தும் டிஎல்டி பேட்ஜ், அவருக்கு ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவெர்ட் என்ற வரம்பு எல்லாம் போன வாரமே பேசியாகிவிட்டது. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இடையில் ஒரு ஷூவைப் பற்றிப் படித்துத் தொலைத்துவிட்டேன். அதை இறக்கிவைக்காமல் பேனா நகர மாட்டேன் என்கிறது.

1986 ஏப்ரல் 28, திங்கட்கிழமை காலை. ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையம். அங்கே ஆய்வகத்தில் வேலை பார்த்த கிளிஃப் ராபின்சன், சாப்பிட்டுப் பல் துலக்கிவிட்டுத் திரும்புகிறார். வழியில் இருந்த கதிர்வீச்சு மானிட்டர் அலறியது. அன்று அவர் உலைப் பகுதிக்குள் காலே வைக்கவில்லை. மெஷின்தான் மக்கர் செய்கிறது என்று நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மானிட்டர் முன்னால் நீண்ட வரிசை, ஆளாளுக்கு அலாரம்.

ராபின்சன் வரிசையில் நின்ற ஒருவரின் ஷூவைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார். ஜெர்மானியம் டிடெக்டரில் வைத்தார். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனால் குளிரூட்டப்படும் படிகம் அது. விழுகிற ஒவ்வொரு காமா கதிரின் ஆற்றலையும் அளந்து சொல்லும். 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் முகடு எழுந்தால் சீசியம் 137. 364-இல் எழுந்தால் அயோடின் 131. கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. அயோடின் 131-இன் அரை ஆயுள் 8 நாள்தான். அது அகப்பட்டால், பழைய குண்டுச் சோதனைகளின் மிச்சம் என்று தள்ளிவிட முடியாது. அண்மையில் எங்கோ அணுப்பிளவு நடந்திருக்கிறது.

ஷூவில் இருந்தவை ஃபோர்ஸ்மார்க்கில் வழக்கமாகத் தென்படுகிற சரக்கு அல்ல. எங்கோ அணுகுண்டு வெடித்துவிட்டதோ என்றுகூட ராபின்சனுக்குத் தோன்றியிருக்கிறது. நிலையத்துக்குள் கசிவு இல்லை. மழையோடு இறங்கிய கன்டாமினேஷன் வெளியிலிருந்து காலோடு ஒட்டி வந்திருந்தது. காற்று வந்த வழியைப் பின்னோக்கிப் பார்த்தால் சோவியத் பக்கம் போய் நின்றது. சுமார் 1,100 கிலோமீட்டருக்கு அப்பால், செர்னோபிலின் நான்காம் உலை வெடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மாஸ்கோ வாய் திறந்தது அன்று இரவுதான், அதுவும் சில வரிகளில்.

இதே குடும்பத்துக் கதை இன்னொன்று. 1984 டிசம்பரில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், இன்னும் மின்சாரமே தயாரிக்கத் தொடங்காத லிமெரிக் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ராஸ் என்ற கட்டுமானப் பொறியாளர் அலாரத்தை அலறவைத்தார். அதுவும் வேலைக்கு உள்ளே நுழையும்போது! தேடிப் போனால், குற்றவாளி அவர் வீட்டுக்கு அடியில் இருந்த மண். அதிலிருந்து கசிந்த ரேடான் என்ற கதிரியக்க வாயு வீடு முழுக்க நிரம்பியிருந்தது. வீடுகளில் ரேடானை அளக்கும் பழக்கம் அமெரிக்காவில் பரவ அதுவே தொடக்கமானது.

கதிர்வீச்சைக் கண்காணிக்கும் இந்த வேலையின் சாரம் இவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது. அலாரம் அடித்தால் பட்டனைத் தட்டி அடக்க யாராலும் முடியும். ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டு, ஷூவைக் கழற்றி வாங்குகிறவர்தான் டெக்னீஷியன்.

கல்பாக்கம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. அங்கே கனநீர் உலைகளும் உண்டு. கனநீரில் டிரிட்டியம் உருவாகும். அது வெளியிடும் பீட்டா கதிர் தோலைக்கூடத் தாண்டாது என்பதால் பேட்ஜில் பதிவாகாது. உடம்புக்குள் போயிருக்கிறதா என்று பார்க்க ஊழியரின் சிறுநீரைத்தான் சோதித்தாக வேண்டும். கூச்சப்படுகிறவர்கள் அடுத்த இதழைத் தவிர்த்துவிடலாம்.

(தொடரும்)