மரபு கலப்பதில்லை

குழந்தை பிறந்த வீட்டில் மூக்கு யாருடையது, நெற்றி யாருடையது என்ற விசாரணை முடிந்ததும் பேச்சு நிறத்துக்கு வந்து நிற்கும். அப்பா கறுப்பு, அம்மா சிவப்பு, பிள்ளை மாநிறம். பாலும் டிகாஷனும் சேர்ந்தால் காபி நிறம் வருவதுபோல இரண்டும் கலந்துவிட்டன என்று முடிவு கட்டுவார்கள். இதைப் பாமரர்களின் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் பெரும் உயிரியலாளர்கள் பலரும் பரம்பரையை ஏறக்குறைய இப்படித்தான் புரிந்துவைத்திருந்தார்கள். அதிலுள்ள ஓட்டையை 1867-இல் ஃப்ளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் டார்வினை விமர்சிக்கும்போது எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு தலைமுறையிலும் பண்புகள் கலந்துகொண்டே போனால், புதிதாகத் தோன்றும் எந்த நல்ல பண்பும் சீக்கிரமே நீர்த்துப்போகும். அப்புறம் இயற்கைத் தேர்வுக்கு என்ன வேலை? டார்வினால் இதற்குத் திருப்தியான பதில் சொல்ல முடியவில்லை. பதிலோ அதற்கு முந்தைய ஆண்டே புருன் நகரத்தின் இயற்கை அறிவியல் கழக இதழில் அச்சாகியிருந்தது. எழுதியவர் கிரிகோர் மெண்டல் என்ற துறவி. அதன் முழு அருமையை உலகம் உணர 1900 வரை ஆயிற்று.

மெண்டல் பட்டாணியைத் தேர்ந்தெடுத்ததிலேயே அவருடைய சாமர்த்தியம் தெரிகிறது. பட்டாணிப் பூவின் அடியிதழ்கள் படகுபோலச் சேர்ந்து மகரந்தத்தையும் சூலகத்தையும் மூடிவைத்திருக்கும். அதனால் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ஒரு ரகம் பல தலைமுறை மாறாமல் வரும். கலப்பு வேண்டுமென்றால் மொட்டு முழுதாக மலர்வதற்கு முன்பே அதைப் பிரித்து, இடுக்கியால் மகரந்தப்பைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவ வேண்டும். மெண்டல் இதை 1856 முதல் 1863 வரை ஆயிரக்கணக்கான செடிகளில் செய்தார். உருண்டை விதை தரும் ரகத்தையும் சுருக்கம் விழுந்த விதை தரும் ரகத்தையும் கலந்தபோது கிடைத்த விதைகள் அத்தனையும் உருண்டை. அரைகுறைச் சுருக்கம் என்று எதுவும் இல்லை. அந்த விதைகளை முளைக்கவைத்து, செடிகளைத் தாமாகக் கருவுற விட்டபோது, அடுத்த தலைமுறையில் 5474 உருண்டை விதைகளும் 1850 சுருக்க விதைகளும் கிடைத்தன. ஒரு தலைமுறை முழுக்கத் தென்படாத சுருக்கம் துளியும் குறையாமல் திரும்பி வந்துவிட்டது. கலப்புக் கொள்கை உண்மையானால் இது நடக்கவே கூடாது. காபியிலிருந்து பால் தானாகப் பிரிந்து வராது.

இங்கிருந்து மெண்டல் எட்டிய முடிவு எளிமையானது. ஒவ்வொரு பண்புக்கும் செடியிடம் இரண்டு கூறுகள் உள்ளன, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இவற்றைத்தான் இன்று மரபணுவின் இரு பிரதிகள் என்கிறோம். ஒரே செடிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் அவை ஒன்றோடொன்று கலப்பதில்லை. இனப்பெருக்கச் செல் உருவாகும்போது பிரிந்து, ஆளுக்கொன்றாகப் போகின்றன. இரண்டும் வேறுவேறாக இருந்தால் வெளியே தெரிவது ஓங்கு பண்பு, தெரியாமல் நிற்பது ஒடுங்கு பண்பு. இது உண்மையானால், இரண்டாம் தலைமுறையின் உருண்டை விதைகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. மூன்றில் இரண்டு பங்கு விதைகள் சுருக்கத்தை உள்ளே சுமக்க வேண்டும். மெண்டல் அதையும் சோதித்தார். உருண்டை விதைகளிலிருந்து வளர்ந்த 565 செடிகளில் 193 செடிகள் உருண்டை விதை மட்டுமே தந்தன. 372 செடிகள் இரண்டு வகையும் தந்தன. இந்த எண்கள் சந்தேகப்படும் அளவுக்குச் சுத்தமாக இருப்பதாக 1936-இல் ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் குறைசொன்னார், அந்தத் தகராறு வெகுகாலம் ஓடியது. ஆனால் அதே விகிதங்கள் வேறு பலரின் தோட்டங்களிலும் கிடைத்துவிட்டதால் விதிக்கு ஆபத்து வரவில்லை.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. பட்டாணி இரண்டில் ஒன்றாக இருக்கலாம். நிறமும் உயரமும் கண்ணெதிரே கலக்கின்றனவே? இதற்கு அந்திமந்தாரை நல்ல சாட்சி. சிவப்புப் பூச்செடியையும் வெள்ளைப் பூச்செடியையும் கலந்தால் இளஞ்சிவப்புப் பூ வரும். அசல் கலப்பு என்றுதான் தோன்றும். ஆனால் இளஞ்சிவப்புச் செடிகளின் வாரிசுகளைப் பாருங்கள்: ஒரு பங்கு சிவப்பு, இரண்டு பங்கு இளஞ்சிவப்பு, ஒரு பங்கு தூய வெள்ளை. பூவின் நிறம்தான் கலந்தது, மரபணு கலக்கவில்லை. மனிதரின் நிறத்திலும் உயரத்திலும் நடப்பது இதன் பெருக்கம். ஒரு பண்பைப் பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்மானித்தால், ஒவ்வொன்றும் மெண்டல் சொன்னபடியே பிரிந்து சேர்ந்தாலும், மொத்த விளைவு படிப்படியான ஏற்றத்தாழ்வாகத்தான் தெரியும் என்று அதே ஃபிஷர் 1918-இல் கணக்குப் போட்டு நிறுவினார். 2022-இல் சுமார் 54 லட்சம் பேரின் தரவுகளை ஆராய்ந்த ஆய்வு, உயரத்தோடு தொடர்புடைய 12,000-க்கும் மேற்பட்ட டி.என்.ஏ. வேறுபாடுகளைக் காட்டியது. ஊட்டச்சத்தும் நோயும் இதன்மேல் வந்து சேர்கின்றன. மாநிறப் பெற்றோருக்கு அவர்களைவிடக் கறுப்பாகவோ வெளுப்பாகவோ பிள்ளை பிறப்பதற்குக் கலப்புக் கொள்கையிடம் விளக்கமே கிடையாது.

ஓங்கு என்பதை வலிமை என்றும், ஒடுங்கு என்பதைப் பலவீனம் என்றும் படிப்பது பரவலான பிழை. 1990-இல் மெண்டலின் பட்டாணி விதைச் சுருக்கத்துக்கான காரணம் டி.என்.ஏ. அளவிலேயே தெரியவந்தது. ஸ்டார்ச் மூலக்கூறுகளில் கிளைகளை உண்டாக்கும் ஒரு நொதிக்கான மரபணு அது. சுருக்க ரகத்தில் அதன் நடுவே வேறொரு டி.என்.ஏ. துண்டு வந்து சொருகிக்கொண்டதால் நொதி சரியாக உருவாவதில்லை. ஸ்டார்ச் குறைந்து சர்க்கரை தேங்குகிறது. சர்க்கரை நீரை இழுத்து விதையை உப்பவைக்கிறது. காயும்போது அந்த நீர் போய்த் தோல் சுருங்குகிறது. ஒரு நல்ல பிரதி இருந்தாலே விதை உருண்டையாக இருக்கப் போதுமான நொதி கிடைத்துவிடும். ஒரு பிரதியின் வேலையே போதுமானதாக இருப்பதைத்தான் இங்கே ஓங்குதல் என்கிறோம். உருண்டையாகத் தெரியும் கலப்பு விதையின் ஸ்டார்ச் மணிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அவை இரண்டுக்கும் நடுத்தரமாக இருக்கும். ஆக, ஓங்கு, ஒடுங்கு என்பது நாம் எதைப் பார்க்கிறோம் என்பதையும் பொறுத்தது.

மனிதரில் ஒடுங்கு பண்பின் விளைவை முதலில் உணர்ந்தவர் லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் காரட். அல்காப்டோனூரியா என்ற நோய் உள்ளவர்களின் சிறுநீர் காற்றுப்பட்டால் கறுத்துப்போகும். அவர்களின் பெற்றோர் நலமாக இருந்தார்கள், ஆனால் பல குடும்பங்களில் அவர்கள் நெருங்கிய சொந்தக்காரர்கள். 1902-இல் அவர் இதை மெண்டல் விதியோடு பொருத்திக் காட்டினார். தமிழ்நாட்டில் மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் கட்டும் வழக்கம் இன்றும் இருப்பதால் இது நமக்கு மிகவும் நெருங்கிய விஷயம். தலைமுறை தலைமுறையாகச் செய்கிறோம், எங்கள் குடும்பத்தில் எந்த நோயும் இல்லையே என்பார்கள். ஒடுங்கு நோயின் இயல்பே அதுதான். ஒற்றைப் பிரதியாக எத்தனை தலைமுறையும் சத்தமில்லாமல் கடந்து வரும். ஒருவர் அப்படி ஒரு பிரதியைச் சுமந்தால், அவருடைய அத்தை மகனோ மாமன் மகளோ அதையே சுமக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் இடையில் நான்கில் ஒன்று. சொந்தமல்லாதவர்களிடம், நூறு பேரில் ஒருவர் சுமக்கும் நோயென்றால், நூறில் ஒன்றுதான். இருவரும் சுமப்பவர்களானால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. முதல் குழந்தை தப்பிவிட்டது என்பதால் அடுத்த குழந்தைக்கு அது கூடுவதோ குறைவதோ இல்லை. சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அதனால் பயமுறுத்துவது வீண், சோதித்துக்கொள்வது பயனுள்ளது. உதாரணமாக, தலசீமியா என்ற ஒடுங்கு ரத்த நோயைச் சுமக்கிறோமா என்பதைப் பெரும்பாலும் ரத்த அணுக்களின் அளவும் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. சோதனையுமே சொல்லிவிடும். சொந்தத்தில் கட்டியிருப்பவர்கள், கட்டப்போகிறவர்கள், குழந்தைக்குத் திட்டமிடும் முன் மருத்துவரிடம் அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.