உயரம் மட்டும் தெரிந்த களையெடுப்பான்

தோட்டத்துக்கு ரோபோ என்றதும், செடிகளை ஒவ்வொன்றாக இனங்கண்டு களை பறிக்கும் பெரிய மூளையைத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 2017இல் அறிமுகமான டெர்டில் என்ற குட்டி ரோபோவுக்கு அந்த மூளை கிடையாது. வீட்டுத் தரையைச் சுத்தம் செய்யும் ரூம்பாவை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோ ஜோன்ஸின் வடிவமைப்பு இது. மேலே சூரியத் தகடு, சாய்வான நான்கு சக்கரங்கள், அடிவயிற்றில் சுழலும் நைலான் நரம்பு. முன்பக்க ஓட்டில் செடி தட்டுப்பட்டால் அது பயிர். ரோபோ ஒதுங்கிப் போய்விடும். ஓட்டில் படாமல் அடியில் நுழையும் அளவுக்குக் குட்டையாக இருந்தால் களை. நரம்பு சுழன்று நறுக்கிவிடும். செடி பட்டதை உணரும் நுட்பம் கைபேசித் திரை நம் விரலை உணர்கிறதே, அதே வகைதான். போகிற போக்கில் சக்கரங்களும் மண்ணைக் கிளறி, முளைவிடும் களைகளைப் புரட்டிப்போடுகின்றன.

களை உயர்ந்துவிட்டால் பயிரென்று ஏமாறாதா? ஏமாறும்தான். ஆனால் உயர விட்டால்தானே! இந்த ரோபோ தோட்டத்திலேயே குடியிருந்து, வெயிலில் மின்னேற்றிக்கொண்டு நாள்தோறும் சுற்றிவருகிறது. களைக்கு வளர அவகாசமே இல்லை. அறிவில் இருக்கும் குறையை விடாமுயற்சி ஈடுகட்டுகிறது. கேமரா இன்னும் துல்லியமல்லவா என்றால், உண்மை. 2017இல் ஜான் டீர் வாங்கிய ப்ளூ ரிவர் நிறுவனத்தின் கருவி, களையைப் படத்தில் கண்டு அதன்மேல் மட்டும் மருந்து தெளிக்கும். பெரிய வயலில் ஒரு பருவத்தில் சில தடவையே ஓடும் இயந்திரத்துக்கு அந்தக் கண் தேவை. வீட்டுப் பாத்திக்கு அது வீண்செலவு.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது: நாற்றும் குட்டைதானே, அதையும் வெட்டிவிடாதா? வெட்டும். அதனால்தான் இளஞ்செடிகளைச் சுற்றிக் கம்பி வளையம் வைக்கச் சொல்கிறார்கள். இதைக் குறையென்று நான் கருதவில்லை. அமெரிக்கத் தோட்டங்களில் களையென்று எறியப்படும் பருப்புக்கீரை நல்ல உணவு. எது களை, எது கறி என்பது சமைப்பவரின் முடிவு. வளையம் அந்த முடிவை அவர் கையிலேயே விட்டுவைக்கிறது. குனிந்து பார்க்கச் சோம்பல்பட்டு, பாத்தி முழுக்கக் களைக்கொல்லியை அடிக்கும் பழக்கம் அந்த முடிவையே இல்லாமலாக்கிவிடுகிறது. ரோபோவை வாங்கிவிட்டுத் தோட்டத்துப் பக்கமே போகாதவருக்கு டெர்டில் பயன்படாது. வளையத்தை வைக்கவும், செடி உயர்ந்தபின் எடுக்கவும் ஆள் வேண்டும்.