பழைய பீட்டிலின் ஆயில் கூலர்

ஜெர்மனியில் பிறந்த பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் வண்டியின் எஞ்சினைத் தண்ணீர் குளிர்விப்பதில்லை; காற்றும் எண்ணெயுமே குளிர்விக்கின்றன. 1971ஆம் ஆண்டு மாதிரிக்கு முந்திய வண்டிகளில் ஆயில் கூலர் விசிறிக்கூட்டினுள்ளேயே நிற்கும். மூன்றாம் சிலிண்டருக்குச் செல்லும் காற்றை அது மறிப்பதை அமைப்பின் குறையென்றே நாம் கருதுகிறோம்.

கூலரைக் கழற்ற, எண்ணெயை வடித்து, எஞ்சினை இறக்கி, விசிறிக்கூட்டை அகற்றிய பின்னரே அதன் நட்டுகளை அவிழ்த்தல் எளிது. அடியிலுள்ள ரப்பர் வளையங்கள் இரண்டும் புதியனவாகவே இருத்தல் வேண்டும். பழையவற்றை இட்டால் எண்ணெய் கசியும்.

பேரிங் சிதைந்தமையால் எஞ்சினைப் பிரித்தோமாயின், பழைய கூலரை மீண்டும் பொருத்தலாகாது. எத்துணை கழுவினும் உலோகத் துகள்கள் அதன் குறுகிய வழிகளில் தங்கிவிடக்கூடும். எண்ணெயோடு திரும்பிவந்து புதிய பேரிங்குகளையும் அவை அரித்துவிடும்.