தலைசாய்க்க இடமில்லாதோரும் திருச்சபையும்

கொடைக்கானலில் 1845ஆம் ஆண்டு அமெரிக்க மதுரை மிஷனரிமார் சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்க்கும் தப்பி இளைப்பாற வீடுகள் கட்டினர். நூற்றாண்டுக்குப் பின் அதே பழனி மலைகளுக்கு வீடற்றோராய் வந்தவர்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர். 1948இல் அங்கே குடியுரிமை இழந்த மலையகத் தமிழருள் 5,25,000 பேரை ஏற்க இந்தியா 1964இல் உடன்பட்டது. இங்கே குடியுரிமை கிடைத்தும் குடியிருக்க நிலமில்லாத பலர், வாட்டில் மரப்பட்டை உரிக்கச் சென்று, முன்பணக் கடனால் ஒப்பந்தக்காரரிடம் கொத்தடிமைகளாயினர். வேலையை விட்டால் குடிசையும் போய்விடும். ஆகவே, வீடின்மை என்பது கூரையின்மை மட்டுமன்று, உரிமையின்மையுமாகும். போர்வை வழங்கும் இரக்கம் நன்று, ஆயினும் போதாது. நிலம் ஆண்டவருடையது, நாமனைவரும் பரதேசிகளே என்பது லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தின் போதனை. அதைப் பிரசங்கிக்கும் போதகர், மனைப்பட்டாவுக்கு மனு எழுதி, வட்டாட்சியர் அலுவலகம்வரை ஏழையுடன் நடப்பதும் திருப்பணியே.